ஷர்மினி நிமிர்த்திய குரல்

ஈப்போ பக்கத்துச் செமோர் ஊரில், ஷர்மினிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பகலில் ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை. வீடு திரும்பினால் பின்னறையில் கணினியும் ஹெட்போனும். கல்யாணப் பாட்டோ சாமிப் பாட்டோ, யார் பாடிக் கொண்டுவந்தாலும் தாளம் தப்பிய இடத்தையும் சுருதி விலகிய இடத்தையும் சரிசெய்து கொடுப்பாள். எந்தப் பாட்டிலும் அவள் பேர் மட்டும் வந்ததில்லை.

இந்த வருஷம் தேவன் வந்தார். லாரி முதலாளி, பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர். தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டிவிட்டார்கள், ஆனாலும் திருவிழாவுக்கு அங்கே இருந்தவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். அங்கே தன் குரலில் ஓர் அம்மன் பாட்டை வெளியிட மனுஷனுக்கு ஆசை. ஆசை இருந்தது, சுருதிதான் இல்லை.

"இந்தத் தடவ என் பேரையும் போடணும்ணே."

"போட்டுடலாம்லா!"

அவர் பாடிக் கொடுத்த பதிவில் உறுமி ஒரு பக்கம் போனால் தேவன் இன்னொரு பக்கம் போயிருந்தார். வார்த்தை வார்த்தையாக வெட்டித் தாளத்தில் உட்கார வைத்தாள். இறங்கிய சுரங்களை ஏற்றினாள். எல்லாவற்றையும் ஒரேயடியாக நேராக்கியதில், லிஃப்டில் மாடி எண் சொல்லும் குரலாகிவிட்டது. சே! அழித்துவிட்டு, அவருடைய குழைவுகளை மட்டும் தொடாமல் மறுபடி செய்தாள். கேட்டதும் தேவனுக்குக் கண் கலங்கியது.

"ஐயோ, நானா பாடுனேன்!"

ஈப்போவில் அடித்த பேனர் வந்தது. பாடியவர், எழுதியவர், பந்தல் போட்டவர், மோர் ஊற்றுகிறவர் வரை எல்லார் பேரும் இருந்தது. ஷர்மினியின் பேரைக் காணோம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் பேரு எங்கண்ணே?"

"பட்டன் தட்டுறதுக்கெல்லாம் பேரா? போட்டா கம்ப்யூட்டர்தான் பாடுச்சுன்னு சிரிப்பாங்கலா."

"அப்ப நான் சரிசெஞ்ச குரலையும் எடுத்துடுறேன். மேடையில நீங்களே பாடிக்குங்க. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் கோவிச்சுக்காதீங்க."

தேவன் சிரித்துக்கொண்டே போனார். பதிவை ஓடவிட்டு வாயசைப்பதுதான் ஏற்பாடு. ஓடவிடப் போகிறவளும் ஷர்மினிதான். பெண்பிள்ளை கோபம், சாயங்காலத்துக்குள் ஆறிவிடும் என்று நினைத்தார். இவளை அவருக்குத் தெரியவில்லை, பாவம்.

திருவிழாவன்று பட்டு ஜிப்பாவும் மாலையுமாக மேடையேறினார். உறுமி முழங்கியது, நாதஸ்வரம் சேர்ந்தது. தேவன் வாயசைத்தார். ஸ்பீக்கரில் இசை மட்டும் வந்தது, குரல் வரவில்லை. திணறிப்போய் ஒரு வரியை நிஜமாகவே பாடிப் பார்த்தார். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மனுஷனுக்கு வியர்த்துக் கொட்டியது. கையிலிருந்த மைக் திறந்திருப்பதையே மறந்து கத்திவிட்டார்:

"ஷர்மினி, என் குரலப் போடுலா!"

கூட்டம் மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்தது. ஷர்மினி இசையை நிறுத்தினாள். தன் பக்கத்து மைக்கை எடுத்தாள்.

"மொதல்ல என் பேரச் சொல்லுங்கண்ணே. குரல் அப்புறம் வரும்."