பூர்ணாவை வெயிலில் நிறுத்திய விஞ்ஞானி

என் தங்கை பூர்ணாவின் கணவர் மணிவண்ணனை, ஹைதராபாத் ஹப்சிகுடாவில் அவர் குடியிருக்கும் அடுக்ககத்தில் எல்லோருக்கும் தெரியும். 'வைட்டமின் சார் வீடு' என்று கேட்டால் வாட்ச்மேன் மூன்றாவது மாடியைக் கை காட்டுவார். அந்தப் பட்டத்தைத் தன் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று மணிவண்ணன் நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைத்துக்கொள்ளட்டும், பாவம், அவருக்கு வேறென்ன கிடைக்கப்போகிறது.

ஊர் திருநெல்வேலி. தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி. படித்து முடித்த கையோடு இங்கே வந்தவர். தெலுங்கும் அரைகுறை, தக்கணி இந்தியும் அரைகுறை. ஆனால் நாம் பேசுவதைக் காதில் வாங்காமலே 'ஹவ், ஹவ்', அதாவது ஆமாம் ஆமாம், என்று தலையாட்டுவதில் மட்டும் பிறவி ஹைதராபாத்துக்காரரைத் தோற்கடித்துவிடுவார்.

அவருடைய ஆராய்ச்சி என்னவென்று அவரிடம் கேட்கக் கூடாது. கேட்டால் சாப்பாடு ஆறிவிடும். நானே சொல்லிவிடுகிறேன். நம் உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே சிலருக்குப் புத்தி பேதலித்து உடம்பின் ஓர் உறுப்பை அழிக்க ஆரம்பித்துவிடும். கணையத்தை அழித்தால் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய், ஆயுசுக்கும் இன்சுலின் ஊசி. சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியை அழித்தால் வேறொரு நோய், அதைவிட அபூர்வம், அதைவிட ஆபத்து. இந்த நோய்களுக்கும் வைட்டமின் டி குறைவுக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் அவருடைய கேள்வி. நல்ல கேள்விதான். கேட்ட ஆள்தான் சரியில்லை.

ஆஸ்பத்திரிகளிலிருந்து ஐஸில் வைத்து ரத்தம் வரும். அதைக் குளிர்பெட்டியில் வைத்து, எடுத்து, அளந்து, கட்டுரை எழுதுவார். அட்ரீனல் நோயாளிகளின் ரத்தம் அவரிடம் பெட்டி பெட்டியாக இருந்தது. அந்த நோய் வந்த மனுஷரை அவர் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. இதை அவரே பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆளைப் பார்த்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம்.

பூர்ணாவுக்குக் கல்லூரிக் காலத்திலேயே அந்தச் சர்க்கரை நோய் வந்தது. தெரிந்துதான் கட்டிக்கொண்டார். எவ்வளவு பெரிய மனசு என்று அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் உருகினார்கள். ஆராய்ச்சிக்கு வீட்டிலேயே ஓர் ஆள் கிடைத்துவிட்டது என்று அவர் உருகியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

போன வருஷம் அவருக்கு ஒரு ஞானோதயம். தினமும் காலை பதினொரு மணிக்கு அடுக்ககத்துப் பெண்கள் மொட்டை மாடியில் கைகால் தெரிய வெயிலில் நிற்க வேண்டும். சங்கத்துச் செயலாளர் ஸ்ரீனிவாஸும் மாடிச் சாவியைக் கொடுத்தார். பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். ஒரு வாரத்தில், "நக்கோ சார், வேண்டாம், கறுத்துப்போயிடுவோம்" என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அவர்களுக்குப் போக வீடு இருந்தது. பூர்ணாவின் வீடோ வைட்டமின் சார் வீடு. அவள் நின்றாள். வெயில் போதாதென்று வாரம் தவறாமல் வைட்டமின் பொடியையும் பாலில் கலக்கிக் கொடுத்தார்.

சில மாதத்தில் அவள் கறுத்தாள். மாநிறம் என்று சொல்கிற பெண், ஏதோ வயலில் கிடந்தவள் மாதிரி ஆனாள். "பாருங்க மதினி, ஒழுங்கா நிக்கான்னு இதுலயே தெரியுதுல்லா" என்று என்னிடம் சொல்லி மாப்பிள்ளைக்கு ஒரே பூரிப்பு. அவள் இளைத்தாள். உடம்பு கட்டுக்குள் வருகிறது என்றார். ஆவக்காய் ஊறுகாயின் உப்புத் தண்ணீரைக் கரண்டியால் எடுத்துக் குடித்தாள். இந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள் என்று சிரித்தார். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. இருக்காதா பின்னே, படித்தவர்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது இன்சுலின். வழக்கமாகப் போடும் அளவு போட்டால் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கியது. குறைத்தார்கள். மறுபடி இறங்கியது. மறுபடி குறைத்தார்கள். பாதிக்கு வந்துவிட்டது. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வைட்டமின் டி சர்க்கரை நோயையே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறதாம்! என் தங்கையின் ஊசி அளவை வரைபடமாக்கி, பெயரில்லாமல் ஆய்வுக்கூடத்தில் காட்டினார். டாக்டர் பட்டம் வாங்கிய ஒரு கூட்டமே உட்கார்ந்து பார்த்துக் கைதட்டியது. அந்த அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒருத்தருக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. அவருடைய மூத்த சகா நாராயணஸ்வாமி மட்டும் ஒரு கேள்வி கேட்டாராம். வரைபடத்தில் சிவப்புக்குப் பதில் நீலக் கோடு போடலாமே என்று.

நான் இதே ஊரில் சனத்நகரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்ப் பார்ப்பேன். ஒரு ஞாயிறு அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எக்கா, எந்திரிக்கவே முடியலக்கா. தண்ணிக் குடத்தத் தூக்குனா கண்ணு இருட்டிட்டு வருது."

"மாப்பிள்ளைட்ட சொன்னியாட்டி?"

"சொன்னேன். வெயில்ல இன்னுங் கொஞ்ச நேரம் நில்லுங்காரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடத்துக்குப் போனேன். "மாப்பிள்ளை, அவள எப்பவும் காட்டுத சுகர் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க."

"எதுக்கு மதினி? அந்தாளுக்கு மருந்துச் சீட்டு எழுத மட்டுந்தான் தெரியும். நான் வீட்டுலயே இருக்கேம்லா?"

"அதான் பயமா இருக்கு."

"ஹவ், ஹவ்" என்றார், மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது வீட்டில் யாரும் இல்லை. மொட்டை மாடிக்கு ஓடினேன். முந்தின ராத்திரி அவளுக்குக் காய்ச்சல், விடியற்காலையிலிருந்து வாந்தி. அப்படியிருந்தும் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறார். பூர்ணா தண்ணீர்த் தொட்டி ஓரமாகச் சுருண்டு கிடந்தாள். அவர் பக்கத்தில் குத்தவைத்து விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தார். குறைந்திருந்தது. குளுக்கோஸைக் கரைத்து வாயில் ஊற்றினார். மறுபடி குத்திப் பார்த்தார். ஏறியிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"சுகர் நார்மல் ஆயிட்டு மதினி. இப்ப எந்திரிச்சிருவா."

கருவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த நிமிஷம் அவரை மாடியிலிருந்து தள்ளிவிட்டிருப்பேன், தங்கையைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டியிருந்தது, அதனால் விட்டேன்.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் மிகவும் கீழே இருந்தது. ஹார்மோன் டாக்டர் நஸ்ரின் வந்தார், தென்காசிப் பெண். கருவியைப் பார்க்கவில்லை. பூர்ணாவின் உள்ளங்கையை விரித்தார். ரேகைகளெல்லாம் மை தடவினாற்போல் கறுத்திருந்தன. வாயைத் திறந்து உதட்டை விலக்கினார். ஈறும் அப்படியே.

"டெய்லி வெயில்ல நிப்பா டாக்டர், அந்தக் கலரு அது" என்றார் மாப்பிள்ளை.

"வாய்க்குள்ள எப்படி சார் வெயில் அடிக்கும்?"

அவர் குனிந்து அவள் வாய்க்குள் அன்றைக்குத்தான் பார்த்தார்.

ரத்தப் பரிசோதனை வரும்வரைகூட டாக்டர் காத்திருக்கவில்லை. நரம்பில் ஸ்டீராய்டு ஊசியும் உப்புத் தண்ணீரும் ஏறின. அட்ரீனல் சுரப்பி வேலை செய்யவில்லை என்றார். அதனால்தான் அந்தக் கறுப்பு, அந்த இளைப்பு, அந்த உப்பு ஆசை. இன்சுலின் தேவை குறைந்ததும் அதனால்தான். குணமாகிக்கொண்டிருக்கவில்லை, செத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எந்த நோயின் ரத்தத்தைப் பெட்டி பெட்டியாக அளந்தாரோ, அதே நோய் அவர் வீட்டில் சோறு பொங்கிப் போட்டிருக்கிறது.

சாயங்காலம் பூர்ணா கண் திறந்து தயிர்சாதம் கேட்டாள். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன். சந்தோஷமா, ஆத்திரமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மாப்பிள்ளை வந்தார். முகத்தில் வெட்கம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், எனக்குத்தான் புத்தியில்லை. கையில் செல்போன் இருந்தது. "சுகரு, அட்ரீனல், கூட வைட்டமின் டி, எல்லாம் ஒரே ஆளுட்ட! எவ்வளவு அபூர்வம் தெரியுமா மதினி? தனியா ஒரு கட்டுரையே எழுதலாம். பூர்ணா, கொஞ்சம் வாயத் தொற, ஈற மட்டும் ஒரு போட்டோ."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. அவர் வெளிச்சம் போதவில்லை என்று சொல்லி ஜன்னல் திரையை விலக்கப் போனார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் நஸ்ரின் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்த மாத்திரைய ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாதும்மா. காய்ச்சல் வந்தா ரெண்டு மடங்கு. வாந்தி வந்தா ஊசி, உடனே ஆஸ்பத்திரி. சில நேரம் உங்களால போட்டுக்க முடியாது. அதனால கூட இருக்கவங்க ஒருத்தருக்கு ஊசி போடப் பழக்கிவிடணும். நீங்க முடியலைன்னு சொன்னா, ஏன் எதுக்குன்னு கேக்காம அப்படியே நம்புற ஆளா இருக்கணும். யாரு?"

"நாந்தான் டாக்டர். நான் சயன்டிஸ்ட்" என்று மாப்பிள்ளை முன்னால் வந்தார்.

பூர்ணா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"எக்கா, சனத்நகர்ல ஒன் வீட்டுலயே இருந்துக்கிடட்டா?" என்றாள்.