கலாவின் உள்ளங்கைக்குக் கேட்ட பறை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். பெங்களூரில், பீன்யாவில் இருக்கும் எங்கள் கம்பெனி கேன்டீனில் எவனாவது பேய்க் கதை எடுத்தால் அவனை ஓட்டு ஓட்டென்று ஓட்டுகிற முதல் ஆள் நான்தான்.

என் மனைவி கலாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆனால் நீலசந்திராவில் எங்கள் தெருவில் பறை அடித்தால் போதும், இடது உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு வலது கையால் அந்த அடியை அப்படியே படமாக வரைந்துவிடுவாள், கனத்த குச்சிக்குச் சிவப்புப் பட்டை, மெல்லிய குச்சிக்கு மஞ்சள் புள்ளி. பறை அடிக்கிற வேலு படத்தைப் பார்த்தே திருப்பி அடித்துக் காட்டுவான், ஒரு அடி பிசகாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேலு தன் ட்ரூப் பேனருக்குப் படம் கேட்டு வந்திருந்தான், தெருவில் பறையும் இல்லை ஒன்றும் இல்லை, கலா திடீரென்று எழுந்து போய்ப் பக்கத்து வீட்டை ஒட்டிய எங்கள் சுவரில் கையை வைத்து வெறி பிடித்த மாதிரி வரைய ஆரம்பித்தாள். நானும் கை வைத்துப் பார்த்தேன், வெறும் சுவர். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வேலு தாளைப் பார்த்து மேசையில் விரலால் தட்டிக்கொண்டே வந்தவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

"அண்ணா, இது பொணம் தூக்கும்போது அடிக்கிற அடி. அண்ணிய நிறுத்தச் சொல்லுங்க."

அவள் நிறுத்தவில்லை. சுவரைக் காட்டிக் காட்டி அழுதாள். அந்தப் பக்கம் கோபால் மாமா தனியாக இருக்கிறார், சொந்தம் இல்லை, ஆனால் எங்கள் கல்யாணத்தில் கலாவின் அப்பா இடத்தில் நின்றவர். ஓடினோம், கதவைத் தட்டினோம், பதில் இல்லை, நானும் வேலுவும் தோளால் இடித்தே தாழ்ப்பாளை உடைத்தோம். உள்ளே மாமா தரையில் கிடந்தார், வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, மூச்சு மட்டும் இருந்தது.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அவர் பிழைத்ததும் எனக்குப் பழைய தைரியம் வந்துவிட்டது, மாமா சுவரைத் தட்டியிருக்கிறார், கலாவின் கைக்குத் தெரிந்திருக்கிறது, இதில் என்னடா பேய் என்று வேலுவிடம் ஜம்பமாகச் சொன்னேன்.

மாமாவுக்குப் பேச்சு திரும்பிய அன்று, "நல்லவேளை, சுவத்துல தட்டுனீங்க மாமா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நான் எங்கப்பா தட்டுனேன்? கையையே தூக்க முடியல. என் தலைமாட்டுல ஒருத்தன் நின்னுக்கினு பறை அடிச்சிக்கினே இருந்தான். நீங்க கதவ ஒடச்சதும் நிறுத்திட்டு உங்களத் தாண்டித்தானே வெளிய போனான், யாருப்பா அவன்?"

ஐயோ, அன்று வாசலில் நானும் வேலுவும் மட்டும்தான் இருந்தோம். அது குறுகலான வாசல், ஒருவர் ஒதுங்கினால்தான் இன்னொருவர் போக முடியும். தாழ்ப்பாள் உடைந்ததும் உள்ளே பாயாமல் நாங்கள் இரண்டு பேரும் ஒரு நிமிஷம் சுவரோரமாக ஒதுங்கி நின்றோம், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யாருக்கு வழி விட்டோம் என்று வேலுவைக் கேட்டால் அவன் இன்றுவரை என் முகத்தைப் பார்ப்பதில்லை.