கொலு விளக்குக்குப் பால் நிறம்

மாட்டுங்காவில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். நவராத்திரிக்கு முன்னால் என் கணவர் குர்லாவில் உள்ள பட்டறை ஒன்றிலிருந்து கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் துண்டுகள் நாலு வாங்கி வந்தார். அவற்றைப் பெட்டியாக ஒட்டி, உள்ளே பல்பு வைத்து, கொலுவுக்கு விளக்கு செய்ய எனக்கு ஆசை. பல்பு கண்ணைக் குத்தாமல் இருக்க, பிளாஸ்டிக்கைத் தேய்த்துப் பால் நிறமாக்க வேண்டும்.

"உன்னால ஆகாது. பேசாம பட்டர் பேப்பரை ஒட்டிடு" என்றார். அதைக் கேட்ட பிறகு நான் பட்டர் பேப்பரை ஒட்டுவேனா?

முதல் துண்டை உப்புத்தாளால் மேலும் கீழுமாகத் தேய்த்தேன். பூனை பிறாண்டிய மாதிரி கோடு கோடாக வந்தது. மறுநாள் ஆபீசிலிருந்து வந்ததும், நைசான தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். ஒரு வாரம், விரல் நுனி எரிய எரிய. நாலும் பாலாக வெளுத்தன.

கொலு வைத்த அன்று, புது விளக்காயிற்றே என்று நானே நாலு பக்கமும் எண்ணெய் தொட்டுக் குங்குமம் வைத்தேன். எண்ணெய் பரவிய இடமெல்லாம் பழையபடி கண்ணாடியாகி, பல்பு என்னை முறைத்தது. அவர் சிரித்தார். பல்பைக் கழற்றிவிட்டு, சீயக்காய் போட்டுக் கழுவித் துடைத்தேன். ஈரம் காய்ந்ததும் வெண்மை திரும்பி வந்தது.

சாயங்காலம் வந்த மாமிகள் விளக்கையே பார்த்தார்கள்.

"நாங்க ஆத்துலயே பண்ணினோம்" என்றார் அவர்.

சுண்டல் கரண்டியைக் கீழே வைத்தேன். "நீங்க வாங்கிண்டு வந்தேள். பண்ணினது நான்."