மிஷின் அவருக்கு, கட்டடம் அவளுக்கு

அவளுக்கு முப்பத்தாறு வயது. லிஃப்ட் பழுது பார்ப்பது வேலை. பதினைந்து மாடி, இருபது மாடிக் கட்டடங்களின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைகளிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவள். கையுறை போட்ட விரலை இரும்புக் கயிற்றின் மேல் ஓட்டியே, எந்த இடத்தில் இழை விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டு அழுதால், வெளியிலிருந்தே பேச்சுக் கொடுத்து, அழுகையை நிறுத்தி, அவர்கள் வீட்டு விவகாரம் பாதியை விசாரித்து முடிப்பதற்குள் கதவைத் திறந்துவிடுவாள். அந்த வட்டாரத்துக் காவலாளிகளுக்கெல்லாம் அவள் லிஃப்ட் அக்கா.

கல்யாணம்தான் தட்டிக்கொண்டே போனது. வந்த வரன்களில் ஒருவர் அவள் நகக்கண்ணில் இருந்த கிரீஸைப் பார்த்துவிட்டு, இதை விட்டுவிட முடியுமா என்று கேட்டார். கிரீஸையா, வேலையையா என்று இவள் திருப்பிக் கேட்டாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது. அம்மா மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் வெளிநாட்டு வக்கீலிடமிருந்து அந்தக் கடிதம் வந்தது. அவளுடைய தாய்மாமன் எட்டு மாதங்களுக்கு முன்னால் அங்கே இறந்துபோயிருந்தார். ஒண்டிக்கட்டை. வாரம் தவறாமல் தங்கைக்குப் போன் பண்ணுவார். பழத்தோட்டம் வைத்திருப்பதாகத்தான் சொல்லிவந்தார். கடிதத்தில் பழத்தோட்டம் என்ற பேச்சே இல்லை. பழைய ஒயின் கூடம் ஒன்று, அதைச் சுற்றித் திராட்சைத் தோட்டம், இரண்டையும் மருமகள் பேரில் எழுதிவைத்திருக்கிறார் என்று இருந்தது.

அம்மா கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். "இருபத்தஞ்சு வருஷமா பழம் பழம்னு சொன்னாரே. பிழிஞ்சதைச் சொல்லவே இல்லையே" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டபோது ஜூஸ் கம்பெனி என்று சொல்லி வைத்தாள்.

இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள் லிஃப்ட் அக்கா. போவது, விற்பது, திரும்பி வருவது. அவ்வளவுதான் திட்டம்.

கூடத்தைப் பார்த்ததும் திட்டம் சரி என்றே தோன்றியது. ஓட்டுக்கூரையில் வானம் தெரிந்தது. பெயர்ப்பலகையில் பாதி எழுத்துகள் உதிர்ந்திருந்தன. பீப்பாய்கள் காய்ந்து சுருங்கி, வளையங்கள் கழன்று தரையில் கிடந்தன. நட்டநடுவில் யானை படுத்திருப்பதுபோல ஒரு மிஷின்: இரும்புத் திருகும் மரக்கூண்டுமாக, திராட்சை பிழிகிற மிஷின். அதன்மேல் ஒரு ஆள் உட்கார்ந்து ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தார்.

அவளைப் பார்த்ததும் இறங்கி வந்து, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "வாங்க மருமகளே. சாப்பிட்டுத் தொலைச்சீங்களா?"

அவள் தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

அவர் அந்த ஊர்க்காரர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். காலையும் மாலையும் பஸ், நடுவில் தோட்டம் என்று பதினெட்டு வருஷம் மாமாவோடு வேலை செய்தவர். தமிழை மாமாவிடமிருந்து, அதுவும் மாமா தங்கையோடு போனில் பேசியதைக் கேட்டுக் கேட்டே கற்றிருந்தார். அதனால் அவருக்குத் தெரிந்த அன்பான வார்த்தைகள் எல்லாம் திட்டுகளாக இருந்தன. 'தொலை' என்றால் தயவுசெய்து என்று நினைத்திருந்தார். மருமகள் என்பது அவளுடைய பெயர் என்றும் நினைத்திருந்தார். அவள் இரண்டையும் திருத்தவில்லை. கேட்கச் சுகமாக இருந்தது.

கடிதம் போட்ட வக்கீல் அம்மையார் வந்து மீதியைச் சொன்னார். கட்டடமும் நிலமும் மருமகளுக்கு. உள்ளே இருக்கும் மிஷின் மட்டும் பஸ்காரருக்கு. நிலத்தை வாங்க ஒரு கார் வியாபாரி தயாராக இருந்தார். விற்காத கார்களை நிறுத்த அவருக்கு இடம் வேண்டும். ஆனால் கட்டடம் துடைத்துவிட்டதுபோல் காலியாக இருக்க வேண்டுமாம்.

அப்படியென்றால் மிஷினை எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள் பஸ்காரரிடம். அவர் அளவு நாடாவை நீட்டினார். மிஷினின் அகலத்துக்கு வாசல் ஒரு முழம் பத்தவில்லை. மிஷினை வைத்துவிட்டுத்தான் சுவரே எழுப்பியிருக்கிறார்கள். சுவரை இடித்தால் கூரை இறங்கிவிடும். திருகோ ஒரே துண்டாக வார்த்தது, பிரிக்க முடியாது.

இதற்கெல்லாம் அசருகிறவளா அவள்? பக்கவாட்டில் போகாவிட்டால் மேலே போகட்டும் என்று சொல்லிவிட்டு ஏணியைச் சாத்தினாள்.

அடுத்த ஒன்பது நாளும் இருவரும் ஓடு பிரித்தார்கள். அவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்ததும் வேலை தொடங்கும். அவள் கூரையிலிருந்து ஓடு ஓடாக நீட்ட, அவர் வாங்கிச் சுவரோரம் அடுக்குவார். உத்தரத்தின் மேல் இரும்புக் குழாய்களால் முக்காலி கட்டி, வாடகைக்கு எடுத்த செயின் பிளாக்கை, கனம் தூக்கும் சங்கிலிக் கப்பியை, மாட்டினாள். அவள் முடிச்சுப் போடுவதை அவர் கன்னத்தில் கை வைத்துப் பார்ப்பார். பிறகு தோட்டத்துக்குக் கூட்டிப்போய், எந்தக் கொடி சோம்பேறி, எது கோபக்காரி என்று காட்டுவார். மாமா போன பிறகும் ஒரு கொடியைக்கூட அவர் காயவிடவில்லை. பழம் பறிக்க இன்னும் இரண்டே வாரம் இருந்தது. ஒன்றைப் பறித்து வாயில் போட்ட லிஃப்ட் அக்கா, கொட்டையைத் துப்ப மறந்து நின்றாள்.

வியாபாரியின் கார்கள் எங்கே நிற்கும் என்று அவர் ஒருநாள் கேட்டார். இந்தக் கொடிகள் இருக்கும் இடத்தில்தான் என்று சொல்லாமல், அவள் அடுத்த ஓட்டைப் பிரிக்கக் கூரைமேல் ஏறினாள்.

பத்தாம் நாள் முற்பகல் மிஷினைத் தூக்கினார்கள். வெளியே லாரி காத்திருந்தது. அவள் கூரையில் உட்கார்ந்து சங்கிலியை இழுக்க இழுக்க, அது முனகிக்கொண்டே அங்குலம் அங்குலமாக எழும்பியது. ஆள் உயரம் வந்தபோது, கீழே பெஞ்சில் இருந்த அவள் போன் அடித்தது. அவளுக்குக் கை ஒழியவில்லை. பேரைப் பார்த்த பஸ்காரர் தானே எடுத்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, முட்டிவலி தொலைஞ்சுதா?"

மாமா வாரா வாரம் கேட்கும் அதே கேள்வி, அதே இழுப்பு. போனிலிருந்து அம்மா அழுவது கூரைவரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக மாறியது. எட்டு மாதமாக அம்மா அப்படிச் சிரித்து அவள் கேட்கவில்லை.

போனைக் காதில் வைத்தபடி அவர் தோட்டத்துப் பக்கம் போய்விட, முக்கால் மணி நேரம் பேசினார்கள். மிஷின் அந்தரத்தில் தொங்கியது. லாரிக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, போய்த் தூங்கினார். கடைசியில் திரும்பி வந்து போனைப் பெஞ்சில் வைத்த பஸ்காரர் குழப்பமாக நிமிர்ந்து பார்த்தார்.

"மருமகளே, அத்தைன்னா என்ன?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"இனிமே தங்கச்சின்னு கூப்பிடாதே, அத்தைன்னு கூப்பிடுன்னு சொன்னாங்க. நான் ஏதோ தப்பாப் பேசிட்டேன் போல."

அவளுக்குக் காது மடல் சூடேறியது. சங்கிலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கு முன்னாடி நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "கல்யாணம் ஆச்சான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். உங்களைப் பத்திக் கேட்டாங்க. நல்லா வேலை செய்யறாங்க, ரொம்பப் பிடிவாதம், இங்கேயே இருந்து தொலைச்சா நல்லா இருக்கும்னு சொன்னேன்."

காற்றில் எங்கோ ஒரு ஓடு ஆடி அடங்கியது. அவள் மிஷினைப் பார்த்தாள், பிரிந்து கிடந்த கூரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"சரி, ஒதுங்கி நில்லுங்க. இறக்கப் போறேன்."

"வெளியேதானே போகணும்?"

"உள்ளேயே இறக்கறேன். பத்து நாள்ல பழம் பறிக்கணும்ல, எதுல பிழியறது?"

அவர் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்து, சங்கிலியில் இரண்டு கண்ணியைத் தவறவிட்டாள். பதினாறு வருஷ வேலையில் அதுதான் முதல் தடவை. அத்தைக்கு அர்த்தத்தை அன்று மாலை, தோட்டத்து வரப்பில் நடந்தபடி சொன்னாள். அவர் பத்துப் பதினைந்து கொடிகளைத் தாண்டி நடந்தார். பிறகு, உங்களுக்குச் சம்மதமா என்று அவருடைய சொந்த மொழியில் கேட்டார். வார்த்தை புரியாவிட்டாலும் கேள்வி புரிந்தது. தலையாட்டினாள்.

கார் வியாபாரி கோபித்துக்கொண்டு வேறு இடம் தேடிப் போனார். ஓடுகளைத் திரும்பப் பதிக்க மூன்று வாரம் பிடித்தது. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கி, தோட்டத்துக் கடைக்கோடியிலிருந்து பஸ்ஸின் இருக்கைகள்மேல் கூடை கூடையாகத் திராட்சையை ஏற்றி வந்தார்கள். பஸ்ஸில் போகும் பிள்ளைகளின் பெற்றோர்கள் பறிக்க வந்திருந்தார்கள். முதல் வருஷச் சரக்கில் பாதி, பீப்பாயில் காற்றுப் புகுந்து புளித்து வினிகராகிவிட்டது. இவள் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். பஸ்காரர் அதைச் சந்தைக்குக் கொண்டுபோக, மதியத்துக்குள் விற்றுத் தீர்ந்தது. செய்தி கேட்டு மிகவும் சந்தோஷப்பட்டவள் அம்மாதான். வினிகர் கம்பெனி என்று தலை நிமிர்ந்து சொல்லலாம் இல்லையா?

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடிந்தது. சாட்சி வக்கீல் அம்மையார். அம்மா வந்தவள் ஒரு மாதம் என்று சொல்லி, நான்காவது வருஷமாக இருக்கிறாள். லிஃப்ட் அக்கா வாரத்தில் மூன்று நாள் பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரி லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்கிறாள், மற்ற நாள் கூடத்தில்.

ஒயின் வாங்க வருகிறவர்களுக்கு முன்னால் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு சொட்டு வாயில் வைத்தவள் இல்லை. ஆனால் ஒவ்வொரு கிளாஸையும் மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, "இது தேவலை" என்றோ "இது வேண்டாம், போன வருஷத்துது எடுங்க" என்றோ சொல்வாள். பாஷை தெரியாத அந்த ஊர்க்காரர்கள் அவள் முகத்தைப் பார்த்துத்தான் பாட்டில் எடுக்கிறார்கள்.