சாக்குக்குக் கழித்த எடை

நாளைக் காலையில் மகளைத் தூக்கிக்கொண்டு தோஹாவுக்குப் போகிறேன். கணவர் அங்கே காத்திருக்கிறார். குண்டசாலை வீட்டில் பெட்டியை மறுபடியும் கைத்தராசில் கொழுவிப் பார்த்தேன். எடை சரிதான். காலையிலும் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்தேனா? எடுத்திருந்தேன். பெட்டியைத் திறந்ததும் வந்த ரெக்சின் வாடையில் சித்தியின் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. கலஹாவில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அவர் குவைத்துக்கு வேலைக்குப் போகிறார் என்றதும் அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த எனக்குத்தான் கால் தரையில் பாவவில்லை. ஏற்கெனவே போய்வந்த பக்கத்து வீட்டு அக்கா பாடம் எடுத்தார். கூரான சாமான் கைப்பையில் கூடாது, காது அடைத்தால் டொபி சப்ப வேண்டும். சித்தியைக் கதிரையில் உட்காரவைத்து, அப்பாவின் பெல்ட்டை இடுப்பில் மாட்டிக் காட்டினார். நான் பின்னாலிருந்து கதிரையைச் சாய்த்து விமானத்தை மேலே கிளப்பினேன். அம்மா அடிக்க வந்தார்.

பெட்டியை எங்கே நிறுப்பது? பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்துத் தராசில்தான். அங்கே கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து எடையைச் சொன்னார். இன்னும் இடமிருக்கிறதே என்று அம்மா கருவாட்டுப் பொட்டலத்தையும் தேங்காய்த் துருவியையும் உள்ளே திணித்தார்.

வேன் பிடித்து எல்லாரும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போனோம். முன்சீட்டில் கணக்கப்பிள்ளை. கடுகண்ணாவ இறக்கத்தில் நான் வாந்தி எடுத்த கதை உங்களுக்கு வேண்டாம்.

உள்ளே போன சித்தி கொஞ்ச நேரத்தில் பெட்டியோடு வாசல் தடுப்புக்குத் திரும்பி வந்தார். எடை கூடிவிட்டதாம். உடனே குறைத்துக்கொண்டு வராவிட்டால் ஏற்றமாட்டார்களாம். இந்த வேலைக்காக அவர் வருஷக்கணக்கில் அலைந்திருந்தார். அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. கணக்கப்பிள்ளை தலையைச் சொறிந்தார்.

"கைப்பழக்கம் தங்கச்சி. கொழுந்துக்குக் கழிக்கிற மாதிரி, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிச்சு சொல்லிட்டேன் போல."

"கொழுந்துலதான் இவ்வளவு நாளா கழிச்சீங்க. எம் பொட்டியிலயுமாண்ணே?"

சுற்றி நின்ற முன்பின் தெரியாதவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். நடைபாதையிலேயே பெட்டியைத் திறந்தோம். தேங்காய்த் துருவி வெளியே வந்தது. போதவில்லை. அம்மா கருவாட்டில் கை வைத்ததும் சித்தி தடுத்தார்.

"கருவாடு இருக்கட்டும்க்கா. துணிய நான் போட்டுக்கிறேன்."

சேலைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் இன்னொன்று, கழுத்தில் சால்வைகள். கொளுத்தும் வெயிலில் வியர்த்து வழிய, ஆள் இரண்டு மடங்காகி உள்ளே ஓடினார். இந்தத் தடவை திரும்பி வரவில்லை.

நாங்களும் திரும்பவில்லை. ஓடுபாதை தெரிகிற வேலியோரமாகப் போய் நின்றோம். எது சித்தியின் விமானம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எழும்பிய ஒவ்வொன்றுக்கும் கை காட்டினோம். தலைக்கு மேலே போகும்போது சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. நான் குதித்துக் குதித்துக் கத்தினேன். கணக்கப்பிள்ளை துவாயைச் சுழற்றினார். யார் யாரையோ எல்லாம் அன்று வழியனுப்பிவைத்தோம்.

இப்போது எந்த விமானம் எந்தக் கடலுக்கு மேலே போகிறது என்று கைபேசியிலேயே தெரிகிறது. அம்மா நாளைக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். "எதுக்குப் புள்ள எல்லாரும் அவ்வளவு தூரம்?" என்கிறார். அவர் சொல்வது சரிதான். விடிந்ததும் ஒரு கார் வரும். நானும் மகளும் ஏறிக்கொள்வோம். வேலியோரம் நின்று தப்பான விமானத்துக்குக் கை காட்ட யாரும் வரப்போவதில்லை.