கேஸ் இருந்தால்தான் எருமை

கொளஞ்சியம்மாளுக்குச் சாராய வாடையே ஆகாது. அரசாங்கம் ஒரு வருஷம் சாராயக் கடையைத் திறந்தது, அப்புறம் மூடியது. மூடினால் கடைதான் மூடும், குடிக்கிறவன் வாய் மூடுமா? அவள் புருஷன் செல்லமுத்து தச்சுப் பட்டறையிலிருந்து வார்னிஷை வாங்கி வடிகட்டிக் குடித்தான். முதலில் கண் போயிற்று, பிறகு உயிரும் போயிற்று. பூலாம்பாடிக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஒரு கூரை வீடும், ராசாத்தி என்ற மகளும்தான் அவளுக்கு மிச்சம்.

அதற்குப் பிறகு எவன் வாயிலாவது அந்த வாடை அடித்தால் முகத்துக்கு நேரே காறித் துப்பிவிட்டுப் போவாள். அப்படிப்பட்டவளின் பெயர் போலீஸ் ஸ்டேஷனில் சாராயம் காய்ச்சுகிறவள் என்று ஏறியது. ஏற்றிக்கொண்டவளும் அவளேதான்.

அந்தச் சமயத்தில், சாராயத் தொழிலை விட்டுத் திருந்துகிறவர்களுக்குக் கறவை எருமை கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். காய்ச்சாதே என்றால் போதுமா, சோற்றுக்கு வழி சொல்ல வேண்டாமா என்று யாரோ யோசித்திருக்கிறார். நல்ல யோசனைதான். கொளஞ்சியம்மாளும் பெரம்பலூருக்குப் பஸ் ஏறி ஆபீசில் போய்க் கேட்டாள்.

"உம்மேல கேஸ் இருக்கா?" என்றார் அங்கிருந்தவர்.

"இல்லீங்க சார்."

"அப்ப எதுலேருந்து திருந்தப் போற? போம்மா."

யோக்கியமாக இருந்தவளுக்கு எருமை கிடையாதாம். அவளுக்கு வயிறு எரிந்தது. களை வெட்டியும் கடலை பறித்தும் அவள் பட்டதெல்லாம் போதும், மகளையாவது அடுத்தவன் காட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது ஒன்றுதான் அவள் ஆசை. அதற்கு ஓர் எருமை போதும் என்று நம்பினாள்.

வழி சொன்னவன் ராசாங்கம். பச்சைமலை ஓடைகளில் ஊறல் பானையைப் புதைத்துக் காய்ச்சியதெல்லாம் அவன்தான். ஆனாலும் அவன்மேல் ஒரு கேஸ் கிடையாது. ஸ்டேஷனுக்கு ஆள் தேவைப்பட்டால் இளைத்தவன் எவனையாவது பிடித்து அனுப்பிவைப்பான்.

"எருமைதானே வேணும் தங்கச்சி? ரெண்டு பாட்டில் தரேன், ரோட்டோரமா வச்சுக்கிட்டு நில்லு. புடிப்பாங்க. கோர்ட்டுல ஆமான்னு சொல்லிடு, அபராதத்த நான் கட்டிடறேன். அப்பறமா திருந்திக்க!"

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிடித்தார்கள். ஆமாம் என்றாள். சில மாசம் கழித்துப் பந்தல் போட்டு விழா நடத்தினார்கள். "திருந்திய கொளஞ்சியம்மாள்!" என்று மைக்கில் கூப்பிட்டு எருமைக் கயிற்றைக் கையில் கொடுத்தபோது கூட்டம் கை தட்டியது. செய்யாத தப்பிலிருந்து திருந்தியவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

எருமை நன்றாகக் கறந்தது. டீக்கடைக்குப் பால் ஊற்றினாள். ராசாத்தி பாவாடை தாவணி கட்டி வீட்டோடு இருந்தாள். அப்படி இருக்கும்போதுதான், ஒரு மாசக் கடைசியில் ஜீப் வந்து வாசலில் நின்றது.

"இந்த மாசம் கேசு கொறையுது, கொளஞ்சி. ஏறு," என்றார் ஏட்டு பழனிவேல்.

"நான் திருந்துனவ ஏட்டையா! மேடையில வச்சுச் சொன்னாங்களே!"

"திருந்துனவன்னா முன்ன காய்ச்சுனவதானே? ஏறு, ஏறு."

இந்தத் தடவை அபராதம் பால் காசில் போயிற்று. எருமை கொடுத்த ஆபீசருக்கு முன்னால் போய் அழுதாள். "நான் காய்ச்சவே இல்லீங்க சார், எருமைக்காகத்தான் ஆமான்னேன்." அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படின்னா பொய் சொல்லி எருமை வாங்கியிருக்க. அதுக்குத் தனியா கேஸ் போடலாம், தெரியுமா?" கொளஞ்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாயிற்று அவள் கதை.

ஓணான் இறங்கவே இல்லை. ஜீப் மறுபடி வந்தது, மறுபடியும் வந்தது. ரோட்டில் லாரி உறுமினாலே கறக்கிற கை நின்றுவிடும். கல்லங்குறிச்சிப் பக்கத்திலிருந்து ராசாத்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் டீக்கடையில் விசாரித்துவிட்டு, "சாராயக்காரி வூட்டுப் பொண்ணா?" என்று அப்படியே திரும்பிவிட்டார்கள். என் தலையோடு போகட்டும், மகளைத் தொடாமல் இருக்கட்டும் என்று கொளஞ்சியம்மாள் வேண்டாத சாமி இல்லை.

கடைசியாக ஒரு சாயங்காலம் பழனிவேல் வந்தார். ஏறு என்று சொல்லவில்லை. வாசல் கல்லில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார். அந்த மரியாதையைப் பார்த்ததும் கொளஞ்சியம்மாள் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"போன தடவையே மாஜிஸ்ட்ரேட் ஐயா சொல்லிட்டாரு. இனிமே ஒம் பேரு வந்தா ஆறு மாசம் உள்ள போட்டுடுவாரு."

"அப்ப என்னைய விட்டுடுங்க ஏட்டையா."

"வெறுங்கையோட போனா என்னையத் திட்டுவாங்களே. ஒன் நல்லதுக்குச் சொல்றேன், புதுப் பேரா இருந்தா அபராதத்தோட போயிடும். வூட்டுல வேற யாரு இருக்கா?"

"யாருமில்ல," என்று அவசரமாக எழுந்தாள் கொளஞ்சியம்மாள். "ஆறு மாசமோ ஆறு வருசமோ, என்னையே கூட்டிட்டுப் போங்க. வாங்க, போவலாம்."

கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ராசாத்தி வெளியே வந்தாள்.

"அம்மா ஆறு மாசம் உள்ள கெடந்தா நான் ஒத்தையில என்ன பண்ணுவேன்? எம் பேர எழுதிக்கங்க. அபராதந்தானே?"

"வாய மூடுடி!" கொளஞ்சியம்மாள் அவளை அறைந்தாள். கை ஓயும்வரை அறைந்தாள். ராசாத்தி நகரவில்லை. ஏட்டு பேனா மூடியைத் திறந்துவிட்டார்.

"வயசு?"

"பதினாறு."

"பதினெட்டுன்னு போட்டுக்கறேன்," என்றார் பழனிவேல், பிரியமாகவே.

ஜீப்பில் ஏறிய ராசாத்தி எட்டிப் பார்த்து, "அழுவாத. ஒரு தடவைதானே, நாளைக்கு மதியத்துக்குள்ள வந்துடறேன்," என்றாள். வந்துவிடுவாள் என்று கொளஞ்சியம்மாளுக்கும் தெரியும். அடுத்த மாசக் கடைசியில் ஜீப் யாரைத் தேடி வரும் என்பதும் அவளுக்குத் தெரியும்.