வெற்றிலையில் தெரிந்த அத்திம்பேர்

எங்கள் வீட்டில் ‘தெரியாது’ என்று வாய்விட்டுச் சொல்லக்கூடியவள் அத்தை ஒருத்திதான். மற்றவர்களுக்கு எல்லாம் தெரியும். யுத்தம் எந்த மாதம் முடியும் என்பது அப்பாவுக்குத் தெரியும். அவர் சொன்ன மாதங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. அதனால் அவருடைய நிச்சயம் இம்மியும் குறையவில்லை. மாதுங்காவிலிருந்து தினம் ரயிலேறிக் கோட்டைப் பக்கம் ஆபீஸ் போய்வந்த அவர், எதைச் சொன்னாலும் கடைசியில் “பக்கா” என்று ஒரு முத்திரை குத்துவார். பதினைந்து வருஷ பம்பாய் வாசத்தில் அவர் தப்பில்லாமல் கற்றுக்கொண்ட ஹிந்தி அது ஒன்றுதான்.

அத்தை அப்பாவின் தங்கை. அவள் புருஷன், அதாவது எங்கள் அத்திம்பேருக்கு மலாயாவில் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் குமாஸ்தா வேலை. என் தம்பி பிறந்த சமயத்தில் அம்மாவுக்கு ஒத்தாசையாக இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அத்தை மட்டும் கப்பலேறி வந்தாள். அவள் திரும்பிப் போவதற்குள் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்துவிட்டான். கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது. அத்திம்பேர் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் அதைச் சொல்லாத ஆளும் எங்கள் சுற்றத்தில் இல்லை.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியபின் பாலக்காட்டிலிருந்து அத்தையின் மாமனார் எழுதினார். ஜாதகத்தைப் பார்த்தாகிவிட்டது, பையன் போய்விட்டான், சந்தேகமே இல்லை. ஆடி அமாவாசையன்று கர்மாக்களைச் செய்துவிடத் தீர்மானம், பெண்ணைக் கொண்டுவந்து விடவும். கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும் என்று அவர் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. தாலியும் பொட்டும் போய், தலையை மழித்துக்கொண்டு, இருபத்து மூன்று வயது அத்தை ஒரு மூலையில் உட்கார வேண்டியதுதான். எனக்கு அத்தை என்றால் உயிர். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அப்பா குதித்தார். “உயிரோடதான் இருக்கான். பக்கா.”

“அண்ணா, நோக்கு எப்படித் தெரியும்?” என்று அத்தை கேட்டாள்.

“போயிருந்தான்னா எனக்குத் தெரியாதோ?”

அத்தை, “எனக்கு ஒண்ணுமே தெரியலை” என்று சொல்லிவிட்டு அரிசியில் கல் பொறுக்கப் போய்விட்டாள். இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

ஜோசியத்தை ஜெயிக்க மை போட்டுப் பார்ப்பதுதான் வழி என்று அப்பா முடிவு செய்தார். கீழ் மாடியில் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருந்தார். மை போட்டுப் பார்ப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர். யாருடையதோ காணாமல் போன மூக்குத்தியைப் பற்றி அவர் ஒரு முறை சொன்னாராம். அவர் சொன்ன இடம் ஒன்று, அது கிடைத்த இடம் ஒன்று. ஆனாலும் கிடைத்தது என்பது மட்டும்தான் எல்லோருக்கும் நினைவிருந்தது. வெற்றிலையில் கறுப்பு மையைத் தடவி விளக்குக்கு முன்னால் பிடிப்பார். அதில் உருவம் தெரியும். ஆனால் பெரியவர்கள் கண்ணுக்குத் தெரியாது. பத்து வயதுக்கு உட்பட்ட, பொய் சொல்லத் தெரியாத குழந்தைதான் பார்க்க வேண்டும். எட்டு வயதான என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தலைக்குக் குளிப்பாட்டி, பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் என்னை மணையில் உட்கார வைத்தார்கள். வெறும் வயிற்றோடுதான் பார்க்க வேண்டுமாம். மை பார்த்து முடிந்ததும் எல்லோரும் சாப்பிடுவதற்காக, ரேஷன் காலத்தில் எப்படியோ சேர்த்து வைத்திருந்த ரவையை அம்மா வறுத்துக்கொண்டிருந்தாள். கடுகும் இஞ்சியும் தாளிக்கும் வாசனை நேரே என் மூக்குக்கு வந்தது.

“மொதல்ல ஒருத்தன் வந்து தரையைப் பெருக்குவான். அப்பறம் தண்ணி தெளிச்சு நாற்காலி போடுவான். அனுமார் வந்து உக்காருவார். பயப்படாம பாரு, கொழந்தே” என்றார் மை மாமா.

பார்த்தேன். விளக்குச் சுடர் தெரிந்தது. என் மூக்கில் பாதி தெரிந்தது. அனுமாரும் வரவில்லை, பெருக்குகிறவனும் வரவில்லை.

“ஒண்ணும் தெரியலையே” என்றேன்.

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை கதவோரமாக நின்றிருந்தாள். தாலிச் சரட்டை விரலில் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்த பிடியில் நகங்கள் வெளுத்திருந்தன. என்னை அறியாமல் மறுபடியும் குனிந்து, “தெரியறது, தெரியறது” என்றேன்.

“யாரு?” என்றார் அப்பா.

“அத்திம்பேர்.”

“என்ன பண்றான்?”

“சாப்பிடறார்.”

“என்ன சாப்பிடறான்?”

வேறு எதைச் சொல்வேன். “உப்புமா” என்றேன்.

அப்பா தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். “செத்தவன் எங்கேயாவது உப்புமா சாப்பிடுவானோ?”

சமையல் உள்ளில் இலை போடும்போது அத்தை மெதுவாகக் கேட்டாள். “நெஜமா பாத்தியாடி?”

“சத்தியமா அத்தை.”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் இலையில் இன்னொரு கரண்டி உப்புமா வைத்தாள்.

அன்றே அப்பா பாலக்காட்டுக்கு விவரமாக எழுதினார். மாமனாரின் பதில் சுடச்சுட வந்தது. என் பிள்ளை பிறந்ததிலிருந்து உப்புமாவைத் தொட்டதே கிடையாது, குழந்தை பார்த்தது வேறு யாரையோ. பசித்தால் தொடுவான் என்று அப்பா எழுதினார். பசிக்கிற ஊரில் ரவை ஏது என்று அவர் கேட்டார். அப்பா என்னை நிறுத்தி விசாரித்தார். வெள்ளை ரவையா, கோதுமை ரவையா? வெள்ளை என்றேன். முந்திரி உண்டா? இல்லை என்றேன். யுத்த காலமாயிற்றே, எனக்கும் ஒரு நியாயம் உண்டு. அது அத்தனையும் பாலக்காடு போயிற்று.

இந்தச் சண்டையில், கர்மா எதுவும் நடக்காமலே ஆடி அமாவாசை வந்து போயிற்று. அடுத்த ஆடியும் போயிற்று. என் பொய்யால் இரண்டு பெரியவர்கள் இப்படி மல்லுக்கு நிற்கிறார்களே என்று எனக்கு ஒரே வெட்கம். ஒரு கடிதத்தில் அந்த மாமனார், ‘அவன் வரட்டும், நானே கேட்கிறேன், உங்கள் மூக்கு உடைபடும்’ என்று எழுதியிருந்தார். அப்பாவுக்கு வந்த கோபத்தில் கடிதத்தை வீசி எறிந்தார். அத்தை அதை எடுத்து ‘அவன் வரட்டும்’ என்ற அந்த ஒரு வரியை மட்டும் இரண்டு மூன்று தடவை படித்தாள். நெடுநாளைக்குப் பிறகு சிரித்தாள். திட்டு வாங்கிய கடிதத்தைப் படித்து என்ன சிரிப்பு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

யுத்தம் முடிந்தது. அப்பா சொன்ன மாதத்தில் இல்லை. அது முடிந்தும் பல மாதம் கழித்து, அத்திம்பேர் வருகிறார் என்று ஒரு தந்தி வந்தது. அப்பா தாதர் ஸ்டேஷனுக்கு ஓடி, விக்டோரியா குதிரை வண்டியில் அத்திம்பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எலும்பும் தோலுமாக, யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு ஒருவர் இறங்கினார். அம்மா அழுதாள். அப்பாவும் அழுதார். ஆனால் அப்பாவுக்கு அழுவதற்கு அதிக நேரம் இல்லை. அத்திம்பேர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

“அங்கே சாப்பாடெல்லாம் எப்படி, மாப்பிள்ளை?”

“மூணரை வருஷமா மரவள்ளிக்கெழங்குதான் அண்ணா. காலம்பற கெழங்கு, ராத்திரி கெழங்கு. அரிசியைக் கண்டா நாங்க கும்பிடுவோம்.”

“அது இருக்கட்டும். நடுவுல ஒரு நாள் உப்புமா சாப்பிட்டேளோ? வைகாசி மாசம், ஞாயித்துக்கெழமை, காலம்பற பத்து மணி சுமாருக்கு.”

அத்திம்பேர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பதற்கு வாயைத் திறந்த மாதிரி இருந்தது. பிறகு அண்ணாந்து சமையல் உள் பக்கம் பார்த்தார். “ஆமாம் அண்ணா. ஒரு நாள் சாப்பிட்டேன்” என்றார்.

“வெள்ளை ரவைதானே?”

“வெள்ளை ரவைதான்.”

பாலக்காட்டுக்கு எழுத அப்பா தபால் கார்டு தேடிக்கொண்டு ஓடினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் இட்டுக்கட்டினதாக நினைத்தது நிஜமாகவே தெரிந்திருக்கிறது. அதற்கப்புறம் ரொம்ப வருஷம் அதை நான் நம்பினேன். போகப் போக அத்திம்பேரின் இலை தெரிந்தது, உப்புமாவிலிருந்து கிளம்பின ஆவி தெரிந்தது, ஓரமாக அவர் ஒதுக்கி வைத்த கறிவேப்பிலைகூடத் தெரிந்தது. என் கல்யாணத்துக்கு வந்தவர்களிடம்கூடச் சூடம் அணைக்காத குறையாகச் சொல்லியிருக்கிறேன்.

அத்திம்பேர் அண்ணாந்து பார்த்தபோது நானும்தான் பார்த்தேன். சமையல் உள் வாசலில் அத்தை டம்ளரோடு நின்றிருந்தாள். அவரையே பார்த்து, தெரிந்தும் தெரியாமலும், ஆமாம் என்கிற மாதிரி ஒரே ஒரு தடவை தலையை அசைத்தாள். காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிறாளாக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.